மே மாச பாண்டிச்சேரி, ரெண்டு பசங்க, மூணு சைக்கிள்

வியாழன் ராத்திரி

சேலத்துல காலைல பஸ் ஏறி ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம்னு வந்து பாண்டி பஸ் ஸ்டாண்ட்ல இறங்குறப்ப மணி மூணு. அக்னி நட்சத்திரம் நடக்குது, இப்ப போய் யாராவது பாண்டிக்கு போவாங்களான்னு அக்கா ரெண்டு நாளா போன்ல கேட்டுக்கிட்டே இருந்தா. ஸ்கூல் லீவு மே மாசம்தானே, வேற எப்ப போறது. அக்கா பொண்ணு எட்டாவது முடிச்சிருக்கா, என் பையன் அஞ்சாவது. இந்த தடவை கார் ஆட்டோ எதுவும் இல்ல, ஊரு பூரா சைக்கிள்தான்னு கிளம்புறதுக்கு முன்னாடியே பேசி வெச்சாச்சு.

ரூம்ல பைய போட்டுட்டு மிஷன் வீதி பக்கம் ஒரு வாடகை சைக்கிள் கடைக்கு போனோம். ஆதார் கார்ட வாங்கி வெச்சுக்கிட்டு சைக்கிள் தர்றாங்க, ஒரு சைக்கிள் நாளைக்கு 100 ரூபா. கியர் சைக்கிளும் இருந்துச்சு, ஆனா ஊரே தட்டையா கிடக்குற இடத்துல கியர் எதுக்கு, சாதா சைக்கிளே எடுத்துட்டோம். பசங்களோட வர்றவங்க வாடகை சைக்கிள வாங்கின உடனே கிளம்பிடாதீங்க. சீட்டு உயரத்த காலுக்கு ஏத்த மாதிரி இறக்கச் சொல்லுங்க, முன் பிரேக் பின் பிரேக் ரெண்டையும் தனித்தனியா பிடிச்சு பாருங்க, பெல் அடிக்குதான்னு பாருங்க. பையனோட சைக்கிள்ல பின் பிரேக் கட்டை தேஞ்சு போயிருந்துச்சு, சொன்னதும் கடைக்காரர் மறு பேச்சு பேசாம மாத்திக் கொடுத்தார்.

சாயங்காலம் பீச் ரோடு. ஆறு மணிக்கு மேல வண்டி எதையும் உள்ள விட மாட்டாங்க, மறுநாள் காலைல ஏழரை வரைக்கும் அந்த ரோடு நடக்குறவங்களுக்குத்தான். சைக்கிள ஓரமா பூட்டிட்டு காந்தி சிலைல இருந்து தெற்கால நடந்தோம். சிலைய சுத்தி நிக்கிற செதுக்கின கல் தூண் எல்லாம் செஞ்சியில இருந்து வந்தது, பொண்ணு ஒவ்வொரு தூணா தடவி பாத்துட்டு வந்தா. சிலைக்கு பக்கத்துல கடலுக்குள்ள கம்பம் கம்பமா நிக்கும், கவனிச்சு பாத்தா தெரியும், அது பழைய துறைமுகப் பாலத்தோட மிச்சம், 1952 புயல்ல போனது.

பையனுக்கு ஏமாத்தம். பீச்னு சொல்லித்தான கூட்டிட்டு வந்த, எங்கம்மா மணலு, எல்லாம் கருங்கல்லா இருக்குன்னான். நியாயமான கேள்விதான். ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவுல முக்கால்வாசி தூரம் பெரிய பெரிய பாறாங்கல்ல கொட்டி வெச்சிருக்காங்க, அலை அதுல வந்து மோதி தெறிக்குது. நான் சின்ன வயசுல அப்பாவோட வந்தப்பவும் கல்லுதான் இருந்துச்சு, ஏன்னு அப்ப கேக்கத் தோணல. இவன் கேட்டுட்டான். பதில் எனக்கும் முழுசா தெரியாது, இங்கேயே யாரையாவது கேப்போம்னு சொல்லி சுண்டல் வாங்கிக் கொடுத்தேன்.

வெள்ளி

அஞ்சரைக்கெல்லாம் கிளம்பிட்டோம். இந்த ஊர்ல மே மாசம் சைக்கிள் ஓட்டணும்னா காலைல எட்டரை வரைக்கும், அப்புறம் நாலு மணிக்கு மேல. நடுவுல வெளிய தலை காட்டவே கூடாது.

பாண்டி டவுன் சைக்கிளுக்குன்னே போட்ட ஊரு. வீதி எல்லாம் நேர்கோடு, ஒன்னுக்கொன்னு குறுக்கா வெட்டி கட்டம் கட்டமா கிடக்கும், தொலஞ்சு போகவே முடியாது, கிழக்கால போனா கடல் வந்துடும். நடுவுல பெரிய வாய்க்கால் ஓடுது. வாய்க்காலுக்கு கிழக்க பிரெஞ்சுக்காரங்க இருந்த பக்கம், மேற்க தமிழ் ஜனங்க இருந்த பக்கம். கிழக்க மஞ்சள் சுவரு, உயரமான காம்பவுண்டு, பெரிய மரக்கதவு, வீடு எப்படி இருக்குன்னு ரோட்டுல இருந்து தெரியாது. வாய்க்கால தாண்டி இந்த பக்கம் வந்தா வீடு ரோட்டப் பாத்து உக்காந்திருக்கு, திண்ணை, அதுக்கு முன்னாடி ரோட்ட ஒட்டி மரத்தூண் வெச்சு ஓடு வேஞ்ச தாழ்வாரம், வழில போறவங்க வெயிலுக்கு ஒதுங்கிக்கலாம். வைசியாள் வீதில இந்த மாதிரி வீடுங்கள வரிசையா பழுது பாத்து பழைய முகத்தோட வெச்சிருக்காங்க, அதுக்கு 2008-ல யுனெஸ்கோ ஆசிய பசிபிக் விருது கூட கிடைச்சுது. அந்த வீதில மட்டும் நாங்க நாலு தடவை போய்ட்டு வந்தோம், காலைல ஆள் நடமாட்டம் இல்லாம தூணோட நிழல் நீளமா விழுந்து கிடந்துச்சு, பொண்ணு கீழ இறங்கி உக்காந்து ஒரு தூண படம் வரைய ஆரம்பிச்சுட்டா, அந்த வீட்டு பாட்டி வெளிய வந்து பாத்துட்டு ஒன்னும் சொல்லாம தண்ணி சொம்ப வெச்சுட்டு போனாங்க.

அப்புறம் ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதில பாரதியார் வீடு. பிரிட்டிஷ் போலீஸ் கைக்கு அகப்படாம 1908-ல இங்க வந்தவர் 1918 வரைக்கும் இந்த ஊர்லதான் இருந்தார். நாங்க போன நேரத்துக்கு திறக்கல, வாசல்ல நின்னு பாத்துட்டு பெருமாள் கோயில் வீதிக்கு சைக்கிள திருப்பி பாரதிதாசன் வீட்டையும் வெளிய இருந்தே பாத்தோம். ரெண்டு வீட்டுக்கும் நடுவுல சைக்கிள்ல அஞ்சு நிமிஷம் கூட ஆகல. இத நேர்ல மிதிச்சு பாத்தப்பதான் எனக்கு உறைச்சுது, ரெண்டு கவிஞர் வீடும் இவ்வளவு கிட்டத்துல, ரெண்டு மூணு வீதி தள்ளி.

காலை சாப்பாட்டுக்கு பேக்கரில சூடா நீள ரொட்டி. இங்க அது டூரிஸ்ட் சாப்பாடு இல்ல, லுங்கி கட்டின தாத்தாங்க சைக்கிள்ல வந்து பேப்பர்ல சுத்தி வாங்கிட்டு போறாங்க. பிரெஞ்சு பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்கினவங்கள இந்த ஊர்ல 'சொல்தா'ன்னு சொல்வாங்க, வியட்நாம் பக்கத்து இந்தோசீனா அது இதுன்னு சுத்திட்டு வந்தவங்க. அவங்க வீட்டுப் பழக்கம் வீதிக்கே வந்துருச்சு போல.

மத்தியானம் தூக்கம், நுங்கு, மறுபடி தூக்கம்.

நாலு மணிக்கு மேல நடந்தத சொல்லணும். சாயங்காலம் வடக்க முத்தியால்பேட்டை பக்கம் போனோம், மிதிக்கவே வேணாம், சைக்கிள் தானா போகுது, பசங்களுக்கு ஒரே குஷி. திரும்பி வர்றப்ப அதே ரோடு, மேடும் கிடையாது, ஆனா நெஞ்சுல கை வெச்சு தள்ளுற மாதிரி எதிர்க்காத்து. பையன் பாதில இறங்கி உருட்ட ஆரம்பிச்சுட்டான். டீ கடைல கேட்டதுக்கு, இது சோழகம்மா, இந்த மாசம் முழுக்க இப்படித்தான், மத்தியானத்துக்கு மேல தெக்கால இருந்துதான் அடிக்கும், இது வந்தாதான் ஊரு பொழைக்கும், வர லேட்டாச்சுன்னா அன்னிக்கு கொளுத்திடும்னார். நிஜமாவே அப்படித்தான் இருக்கு. காலைல மேற்க இருந்து வர்ற தரைக்காத்து சூடா இருக்கு, கடல்காத்து உள்ள வர்ற வரைக்கும் வெக்கை ஏறிக்கிட்டே போகுது, வந்ததும் சட்டுனு மூச்சு விட முடியுது. உடனே திட்டத்த மாத்திட்டேன், காத்து இல்லாத காலைல தெற்க போறது, சாயங்காலம் காத்தோட வடக்க திரும்புறது.

சனி

இன்னிக்கு பெரிய நாள். கடலூர் ரோட்டுல முதலியார்பேட்டை, முருங்கப்பாக்கம் தாண்டி அரியாங்குப்பம் பாலம் ஏறி இடது பக்கம் திரும்பி வீராம்பட்டினம். ஏழெட்டு கிலோமீட்டர் இருக்கும். கடலூர் ரோட்டுல பஸ் லாரி அதிகம், பசங்கள முன்னாடி விட்டு நான் பின்னாடி, ஓரமா வரிசையா போனோம், ஊருக்குள்ள திரும்பின அப்புறம்தான் எனக்கு உசிரு வந்துச்சு.

முதல்ல அரிக்கமேடு. காக்காயந்தோப்பு பக்கம் ஆத்தங்கரைல மாந்தோப்புக்குள்ள போகணும். போனா பாக்க என்ன இருக்குன்னு கேட்டா, ஒரு பழைய செங்கல் கட்டடத்தோட இடிஞ்ச சுவரு நிக்குது, அதுவும் பிரெஞ்சுக்காரங்க காலத்து பாதிரிமார் வீடு. மத்ததெல்லாம் மண்ணுக்கு அடியில. ஆனா 1945-ல மார்ட்டிமர் வீலர்ங்கற தொல்லியல் அறிஞர் இங்க தோண்டினப்ப ரோமாபுரி பக்கத்து மண்பாண்டம், மது கொண்டு வந்த ஜாடி எல்லாம் கிடைச்சுது, 2000 வருஷத்துக்கு முன்னாடி இங்க கப்பல் வந்து போயிருக்கு, கோக்குற மணி செய்யுற தொழில் நடந்திருக்கு. கண்ணாடி மணி, கல் மணி பண்ணி கடல் தாண்டி அனுப்பியிருக்காங்க. ஆத்தங்கரைல அறுந்த மண்ணுல ஓட்டுத் துண்டு ஒன்னு பாதி வெளிய தெரிஞ்சுது, விளிம்பு மட்டும், விரல் அளவு, செவப்பு. பையன் எடுக்கப் போனான். தொட்டுப் பாத்துக்கோ, எடுக்காத, அது இருக்குற இடத்துல இருந்தாதான் அதுக்கு வயசு சொல்ல முடியும்னு சொன்னேன். விரலால தடவிட்டு அப்படியே விட்டுட்டான், எனக்கு அவ்வளவு சந்தோஷம். இவ்வளவு பெரிய இடத்த இன்னும் கொஞ்சம் நல்லா வெச்சிருக்கலாம், ஒரு சின்ன படம், இங்க இது இருந்துச்சுன்னு ஒரு பலகை, குழந்தைங்க புரிஞ்சுக்குற மாதிரி.

தோப்புல இருந்து வெளிய வந்ததும் பொண்ணோட சைக்கிள் பின் டயர் பஞ்சர். அரை கிலோமீட்டர் உருட்டினதும் புளியமரத்தடில பஞ்சர் கடை. பசங்க ரெண்டு பேரும் பஞ்சர் ஒட்டுறத நேர்ல பாத்ததே இல்ல! அந்த அண்ணன் வீல கழட்டவே இல்ல, லீவர விட்டு டயர ஒரு பக்கம் நெம்பி டியூப உருவினார், காத்தடிச்சு தண்ணி டப்பால முக்கி முக்கி சுத்தினார், ஒரு இடத்துல பொடிப்பொடியா குமிழி வந்துச்சு. அந்த இடத்த தொடச்சு உப்புத்தாளால நல்லா தேச்சு, சொல்யூஷன் தடவி, ஊதி ஊதி காய விட்டு, ஒட்டு வெச்சு சுத்தியால ரெண்டு தட்டு. அதோட விடல, டயருக்கு உள்பக்கம் விரல விட்டு சுத்தி தடவி கருவேல முள்ளு நுனிய கண்டுபிடிச்சு குறடால இழுத்து பொண்ணு கைல கொடுத்தார். இத எடுக்கலன்னா நாளைக்கு மறுபடி வருவீங்க பாப்பான்னார். அந்த முள்ள பேப்பர்ல மடிச்சு பையில வெச்சிருக்கா.

வீராம்பட்டினம் போனதும் பையன் கேள்விக்கு பதில் கண்ணு முன்னாடி விரிஞ்சு கிடந்துச்சு. மணல்னா அவ்வளவு மணல்! செங்கழுநீர் அம்மன் கோயில தாண்டி கரைக்கு போனா ஃபைபர் படகு வரிசை வரிசையா நிக்குது, அதையும் தாண்டி நடந்தாதான் தண்ணி. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரைலதான், சின்ன படகு மட்டும் கிட்டக்க போய்ட்டு வருது. நாங்க போனப்ப ஒரு படகு வந்து நின்னுது, வலைல இருந்து சங்கராவும் காரப்பொடியும் உதறுறாங்க, சுத்தி நின்ன அம்மாங்க கூடைய கவுத்து போட்டு ஏலம் கேக்குறாங்க, தடை நேரம்ங்கறதால விலை ஏறிக்கிட்டே போச்சு.

வலை பின்னிக்கிட்டு இருந்த ஒரு பெரியவர்கிட்ட பையன் நேரா போய், தாத்தா, உங்க ஊர்ல மட்டும் ஏன் இவ்ளோ மணல், பாண்டில ஏன் கல்லுன்னு கேட்டான். அவர் வலைல இருந்து கைய எடுக்காமலே சொன்னார்.

"சோழகம் அடிக்கிற மாசம் பூரா மணலு தெக்க இருந்து வடக்க போய்க்கிட்டே இருக்கும் தம்பி. தோ, அங்க ஆத்து வாயில கல்லு போட்டு நீட்டி வெச்சிருக்காங்க பாரு, துறைமுகத்துக்கு. வர்ற மணலு அதுல முட்டிக்கிச்சு. எங்களுக்கு சேந்துச்சு, பாண்டிக்கு போவல."

அவ்வளவுதான் விஷயம். நேத்து சாயங்காலம் எங்கள வடக்க தள்ளின அதே காத்துதான் அலைய சாய்வா கரைக்கு கொண்டு வருது, அந்த அலைதான் மணல கொஞ்சம் கொஞ்சமா வடக்க நகத்துது. வடகிழக்கு பருவமழை மாசங்கள்ல மட்டும் திசை மாறி தெற்க வரும், ஆனா வருஷக் கணக்கு போட்டா வடக்க போறதுதான் அதிகம். 1980-கள் முடியுறப்ப அரியாங்குப்பம் ஆத்து முகத்துவாரத்துல துறைமுகத்துக்காக ரெண்டு பக்கமும் கல் தடுப்பு கட்டினாங்க. தெற்கு பக்கம் தேங்குற மணல எடுத்து வடக்கு பக்கம் விடணும்னு அப்பவே திட்டத்துல இருந்துச்சு, ஆனா அது நடக்க வேண்டிய மாதிரி நடக்கல. டவுனுக்கு முன்னாடி கொஞ்ச நஞ்சம் இருந்த மணலும் போச்சு, கடல் ரோட்ட தின்னுடக் கூடாதுன்னு கல்ல கொட்டிக்கிட்டே வந்தாங்க. பொண்ணு மணல்ல குச்சியால கோடு போட்டு வரைஞ்சு தம்பிக்கு விளக்கிக்கிட்டு இருந்தா, பெரியவர் எட்டிப் பாத்து ஆத்து வாய் கோட்ட மட்டும் கொஞ்சம் நீட்டி விட்டார்.

மத்தியானம் சின்ன வீராம்பட்டினம் பக்கம் ஈடன் பீச்ல. சுத்தமான, பாதுகாப்பான பீச்சுக்கு உலக அளவுல தர்ற நீலக்கொடி சான்ற 2021-ல வாங்கின பீச், குளிக்கிற இடத்துக்கு எல்லை கட்டி லைஃப் கார்டு நிக்கிறாங்க, நல்ல தண்ணில குளிக்க ஷவர் இருக்கு. பசங்களோட வர்றவங்களுக்கு ஒன்னு சொல்றேன், இந்த கரைல ஆழத்த விட இழுப்புதான் ஆபத்து. ரெண்டு பக்கமும் அலை வெள்ளையா உடையுது, நடுவுல ஒரு பட்டை மட்டும் அமைதியா தெரியுதுன்னா அங்கதான் தண்ணி உள்ள திரும்பிப் போகுது, பாக்க நல்லா இருக்குன்னு அங்க இறங்கக் கூடாது. மாட்டிக்கிட்டா கரைய பாத்து நீந்தி களைச்சுப் போகாம, கரைக்கு இணையா பக்கவாட்டுல போய் வெளிய வரணும். இத தண்ணில இறங்குறதுக்கு முன்னாடியே ரெண்டு பேரையும் திருப்பி சொல்ல வெச்சேன்.

திரும்பறப்ப சோழகம் முதுகுல. சொன்னா நம்ப மாட்டீங்க, பாலத்து ஏத்தம் கூட தெரியல.

ஞாயிறு

தூங்கி எழுந்ததே லேட். மியூசியம் போய் அரிக்கமேடு மணி எல்லாம் பாத்தோம், ஊசி முனை அளவு ஓட்டை போட்ட குட்டி குட்டி மணி, நேத்து அந்த தோப்ப பாத்துட்டு வந்ததால பசங்க கண்ணாடி அலமாரிய விட்டு நகரவே இல்ல. அங்க இருந்து பாரதி பூங்கா, ஆயி மண்டபம் நிழல்ல கொஞ்ச நேரம். மத்தியானத்துக்கு மேல காந்தி வீதி சண்டே மார்க்கெட், கூட்டம்னா கூட்டம், சைக்கிள உருட்டக் கூட இடமில்ல, பொண்ணுக்கு ஒரு தொப்பி, பையனுக்கு ஒரு பழைய டார்ச் லைட்டு.

சாயங்காலம் தலைமைச் செயலகத்துக்கு எதிர்ல இருக்குற மணலுக்கு கூட்டிட்டு போனேன். வியாழக்கிழமை இந்த பக்கம் வரைக்கும் நாங்க நடக்கல. 2018 வாக்குல தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் கடலுக்குள்ள பெரிய இரும்பு அமைப்பு ஒன்ன முழுக விட்டாங்க, அலையோட வேகத்த அது உடைச்சு விடும், மணல் தங்கும். தங்கியிருக்கு! கல்லுக்கு முன்னாடி நல்ல அகலத்துக்கு மணல், குழந்தைங்க வீடு கட்டுது, பாட்டிங்க கால் நனைக்குறாங்க, காத்தாடி விக்கிறாங்க. ரொம்ப உள்ள போறவங்கள பாத்து செவப்பு தொப்பி போலீஸ்காரர் விசில் ஊதிக்கிட்டே இருந்தார், அதுவும் வேணும்தான், இங்கயும் இழுப்பு உண்டு. ஒரு தலைமுறைக்கு மணல் இல்லாம இருந்த ஊருக்கு கொஞ்சமாவது திரும்பக் கிடைச்சிருக்கே, எனக்கு அங்க உக்காந்திருந்தப்ப மனசு நிறஞ்சு போச்சு.

திங்கள்

அப்ப மணலுக்கு வடக்க என்ன ஆச்சுன்னு பொண்ணு கேட்டதால கடைசி நாள் வடக்க. கோட்டக்குப்பம் வந்தாலே தமிழ்நாடு. தந்திராயன்குப்பத்துல செரினிட்டி பீச், காலைல ஆறு மணிக்கே சர்ஃபிங் கத்துக்க வர்றவங்க பலகையோட நிக்கிறாங்க, ஒரு சின்ன பையன் எழுந்து நின்னு ரெண்டு செகண்ட் வந்தான், கரைல இருந்தவங்க எல்லாரும் கை தட்டினாங்க.

ஆனா கல்லு இங்கயும் இருக்கு. டவுனுக்கு கல் போட்டதும் அரிப்பு அடுத்த ஊருக்கு நகந்துச்சு, அந்த ஊருக்கு கல் போட்டா அதுக்கு அடுத்த ஊரு. சின்ன முதலியார்சாவடி தாண்டி பொம்மையார்பாளையத்துல ரோட்ட விட்டு உள்ள இறங்கி பாத்தோம். கரைல ஒரு வீடு, பின் பாதி இல்ல. நிலைப்படி இருக்கு, அதுக்கு அந்தாண்ட மூணு படி, நாலாவது படி இருக்க வேண்டிய இடத்துல அலை. சுவத்துல சாமி மாடம் இருந்த குழி அப்படியே எண்ணெய்க் கறையோட தெரியுது. பக்கத்து வீட்டு அக்கா குடம் எடுத்துட்டு போனவங்க நின்னு, இதுக்கு முன்னாடி ஒரு வரிசை வீடு இருந்துச்சு, அதுக்கும் முன்னாடி நாங்க வலை காய வெச்ச மணலு இருந்துச்சுன்னு கைய நீட்டி கடல காட்டினாங்க. படகு ஏத்தி வெக்க இடமில்லாம ரோட்டோரத்துல நிறுத்தி வெச்சிருக்காங்க. துறைமுகத்துல யாரோ எடுத்த முடிவுக்கு பத்து கிலோமீட்டர் வடக்க இருக்குறவங்க வீட்ட கொடுத்திருக்காங்க. டவுன் பீச்சுக்கு செலவு பண்ணின அக்கறைல கொஞ்சம் இவங்க கரைக்கும் வரணும், தெற்க தேங்கி கிடக்குற மணல இந்த பக்கம் கொண்டு வர்றது யாருக்கும் தெரியாத வித்தை இல்லையே.

அங்க இருந்து ஆரோவில் ரோடு, செம்மண், மெல்ல மெல்ல ஏத்தம், மொத தடவையா கியர் சைக்கிள் நினைப்பு வந்துச்சு. 1968 பிப்ரவரி 28-ல ஆரோவில் தொடங்கினப்ப இந்த மேடு பொட்டல் காடு, மழை பேஞ்சா செம்மண்ணு அப்படியே கடலுக்கு ஓடும். வரப்பு கட்டி, குழி வெட்டி, மரம் நட்டு நட்டு இப்ப ரெண்டு பக்கமும் நிழல். வெயில் ரோட்ட விட்டு மரத்துக்கு அடில நுழைஞ்சதும் தோள்ல சூடு குறையுறது தெரியுது. ஆரோவில் நடுவுல இருக்குற மாத்ரி மந்திர்ங்கற தங்க உருண்டை தியான மண்டபத்த தூரத்துல நின்னு பாத்தோம், பசங்களுக்கு அத விட பக்கத்துல விழுது இறக்கி நிக்கிற ஆலமரம்தான் பிடிச்சுது. பத்து மணிக்குள்ள இறங்கிட்டோம், எதிர்க்காத்து கிளம்புறதுக்கு முன்னாடி.

சைக்கிள ஒப்படைச்சு ஆதார் கார்ட வாங்கியாச்சு. நாளைக்கு காலைல பஸ். பொண்ணு மேப்ப வெச்சுக்கிட்டு மரக்காணம் இங்க இருந்து எவ்வளவு தூரம், உப்பளம் எந்த மாசம் நடக்கும்னு கேட்டுக்கிட்டு இருக்கா. முப்பது கிலோமீட்டருக்கு மேல, வடக்க, இந்த மாசம்தான் உப்பு வார்றாங்க. சாயங்கால காத்துல போனா இவங்களே மிதிச்சுடுவாங்க, திரும்பி வர்றதுக்கு பஸ் மேல சைக்கிள் ஏத்துவாங்களான்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.